உடையார்குடிக் கல் சொல்லாதது

கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் மாண்ட இரவு, 'பொன்னியின் செல்வன்' படித்தவர் மனத்தில் நேரில் பார்த்ததுபோல் பதிந்திருக்கும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதையைக் கல்கி அவ்வளவு உயிரோடு எழுதினார். அதில் வரும் நந்தினி அவருடைய கற்பனை. ஆனாலும் அவளைச் சோழர் வரலாற்றில் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கரிகாலன் கொலைக்கு நமக்குள்ள நேரடிச் சான்று ஒரு கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. படித்தால், நில விவகாரம். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைச் சொல்லி, அவர்கள் உடைமையையும் உறவினர் உடைமையையும் பறிமுதல் செய்யும் அரசாணை அதில் வருகிறது. பெற்ற தாய், பிள்ளைகள், மாமன்மார், மகளைக் கட்டியவர் என்று ஒருவர் விடாமல் வளைக்கிறது ஆணை. அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தருமத்துக்கு வைத்ததைப் பதிவதற்காகவே கல் வெட்டப்பட்டது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், எந்த ஊரில் நடந்தது? ஒரு சொல் இல்லை.

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எந்தக் கல், எந்தச் செப்பேடு என்று காட்டிவிட்டுத்தான் இருவரும் ஊகிக்கிறார்கள்; அதே சான்றை நாமும் எடுத்துப் பார்த்து இருவரோடும் மல்லுக்கு நிற்கலாம். கல்கியோடு அப்படி நிற்க முடியாது, நிற்கவும் தேவையில்லை.

நல்ல வரலாற்று நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இதற்குமேல் தெரியாது என்று ஆசிரியர் நின்றுவிடும் இடம். உத்தம சோழன் இரத்தமும் சதையுமாக வாழ்ந்தவன். ஆயிரம் ஆண்டு கழித்து எழுந்து வந்து தன் பக்கத்தைச் சொல்ல அவனால் இயலாது. அவன்மேல் கொலைப்பழி போடுமுன் சான்று கேட்பது, உயிரோடிருக்கும் நாம் அவனுக்குச் செய்யவேண்டிய நியாயம். தெரியாததைத் தெரியாது என்று விடுவதில் இருக்கும் அறம் இது.

கரிகாலனின் உடன்பிறந்தாள் குந்தவைக்கும் அந்த நியாயம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவள் வல்லவரையர் வந்தியதேவரின் தேவி. தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுப்பித்து, பொன்னும் நகையும் எடைபோட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் கணவனிடம் பேசிய ஒரு வார்த்தைகூட எந்தக் கல்லிலும் இல்லை. ஒரு நூலில் அவள் அவனிடம் வாய்திறந்து பேசினால், எத்தனை அடிக்குறிப்பு போட்டிருந்தாலும் அந்தப் பக்கம் புதினம்.