எந்தக் கோலால் அளப்பது?

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் 1843-இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார்களின் மகன்களைப் படிக்க வைப்பதே அதன் முதல் நோக்கம். மார்ல்பரோ கல்லூரி என்னும் அந்தப் பள்ளி 2012-இல் மலேசியாவின் ஜொகூரில், இன்று இஸ்கண்டார் புத்ரி எனப்படும் வட்டாரத்தில், ஒரு கிளையைத் திறந்தது. நகரமாவதற்கு முன் அந்த வட்டாரம் செம்பனைத் தோட்டமாக இருந்தது. அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகளுக்கு இருந்த விழுக்காட்டு வரம்பை அரசாங்கம் நீக்கியதும் அதே 2012-இல்தான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டிய தாத்தாவின் பேத்திக்குத் தனியார் தொடக்கப்பள்ளியில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டமா, ஐ.பி. எனும் அனைத்துலகப் பாடத்திட்டமா, தேசியப் பாடத்திட்டமா என்று ஜொகூர் பாருவின் தமிழ்க் குடும்பங்களில் இன்று பேச்சு நடக்கிறது.

பேச்சு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறவற்றில்தான் தொடங்கும். நீச்சல் குளம் இருக்கிறதா, வகுப்பறைக்குக் குளிர்சாதனம் உண்டா, ரோபோட்டிக்ஸ் சொல்லித் தருவார்களா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு? கேட்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. ஏழு வயதில் உள்ளே போகும் பிள்ளை, பன்னிரண்டு வயதில் எப்படிப்பட்ட மனிதராக வெளியே வர வேண்டும்? இதற்குப் பெற்றோரிடம் பதில் இல்லையென்றால், பள்ளியின் விளம்பரக் கையேடு சொல்லும் பதிலே அவர்கள் பதிலாகிவிடும்.

கேள்வி பழையது. பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில், பொழுது விடியும் முன்பே ஹிப்பாக்ரட்டீஸ் என்ற இளைஞன் வந்து சாக்ரட்டீஸ் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். புகழ்பெற்ற ஆசிரியர் புரோட்டகோரஸ் ஏதென்ஸுக்கு வந்திருக்கிறார். எவ்வளவு செலவானாலும் அவரிடம் சேர வேண்டும், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்கிறான். சாக்ரட்டீஸ் திருப்பிக் கேட்கிறார்: மருத்துவரிடம் பணம் கொடுத்துப் படித்தால் மருத்துவர் ஆகலாம், சிற்பியிடம் கொடுத்தால் சிற்பி ஆகலாம், இவரிடம் கொடுத்தால் நீ என்ன ஆவாய்? பதில் சொல்ல முயன்ற இளைஞனின் முகம் சிவந்துபோகிறது. அடுத்து வரும் எச்சரிக்கையை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் வைக்கலாம். சந்தையில் வாங்கும் உணவைப் பாத்திரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு உண்ணலாம். கல்வியைக் கொண்டுபோக அப்படி ஒரு பாத்திரம் கிடையாது. வாங்கியவுடனே அது உயிருக்குள் போய்விடுகிறது. நன்மையோ தீமையோ செய்துவிடுகிறது.

ஹிப்பாக்ரட்டீஸாவது தனக்குத் தானே ஆசிரியரைத் தேடினான். தொடக்கப்பள்ளியில் தேர்வு செய்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் இன்னொருவர். இந்த விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு அவ்வளவு கனமானது.

மலேசியப் பெற்றோரின் கையில் முன்பு ஓர் அளவுகோல் இருந்தது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும், 1988-இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை ‘ஏ’ என்று கேட்டால் போதும், பள்ளியின் தரம் தெரிந்துவிட்டதாக நினைத்தார்கள். 2021-இல் அந்தத் தேர்வு ரத்தானது. அது இருந்த காலத்திலும் ஒரு குறை இருந்தது: வீடு கொடுத்தது எது, டியூஷன் கொடுத்தது எது, பள்ளி கொடுத்தது எது என்று மதிப்பெண் பிரித்துக் காட்டாது. பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா ஆய்வின் 2018 முடிவுகள் இதைத் தெளிவாக்கின. மேலோட்டமாகப் பார்த்தால் தனியார் பள்ளி மாணவர்கள் வாசிப்பில் முந்தி நின்றார்கள். குடும்பங்களின், பள்ளிகளின் பொருளாதார, சமூகப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும், அந்த ஆய்வை நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பு நாடுகளின் சராசரியில் அரசுப் பள்ளி மாணவர்களே முந்தினார்கள். கட்டணமும் இப்படித்தான். ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டைத் தாண்டும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜூலை முதல் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. அந்தத் தொகையை வைத்து அரசாங்கம் வரி போடலாம். பெற்றோர் அதை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது.

பணம் கொடுத்துப் படிப்பதைத் தமிழ் மரபு இழிவாக எண்ணியதில்லை. மிகுந்த பொருள் கொடுத்தாவது கற்க வேண்டும் என்று பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், யாருக்குப் பாடம் சொல்லலாம் என்ற பட்டியலில் நிறையப் பொருள் கொடுப்பவனையும் சேர்த்திருக்கிறது. அதே நன்னூல் இன்னொன்றையும் செய்கிறது: இலக்கணத்துக்குள் நுழையும் முன், நல்லாசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார் என்று பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறது. நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை. தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு ஆகிய நான்கும் உவமை. ஜொகூர் பாருவில் பள்ளி தேடும் பெற்றோருக்கு இந்த நான்கும் இன்றைக்கும் உதவும்.

கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் வராது. அதுபோல முறையின்றிக் கற்பிக்கிறார்களா என்பதை மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் கணிதப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினாலே கண்டுகொள்ளலாம். போன வாரத்துப் பாடத்தின் மேல் இந்த வாரப் பாடம் நிற்கிறதா? தவறுகளை ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, சரி அடையாளம் மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாரா? மடல் அடர்ந்த பனை, தானாக விழும் பழத்தைத்தான் தரும். ஏறிப் பறிக்க விடாது. குழந்தை கையை உயர்த்திக் கேள்வி கேட்டால் ஆசிரியரின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும். பஞ்சு அடைத்த குடுவையில் உள்ளே திணிப்பதும் கடினம், வெளியே எடுப்பதும் கடினம். பட்டங்கள் பல பெற்றும் ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத ஆசிரியரை அது காட்டுகிறது.

நான்காவதுதான் தனியார் பள்ளிக்கு மிக நெருக்கமானது. வளைந்த தென்னை, தண்ணீர் ஊற்றியவரின் முற்றத்தை விட்டு அடுத்தவர் முற்றத்தில் காய் போடும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோரும் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். வாசல் பதாகையில் முதல் மாணவரின் படம் மட்டும் ஏறுகிறது. ஆகவே, “உங்கள் சிறந்த மாணவர் யார்?” என்பதை விட, “வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்குத் தலைமையாசிரியர் பெயரோடும் நேரத்தோடும் பதில் சொன்னால், அதாவது எந்த ஆசிரியர், வாரத்தில் எத்தனை வேளை, எப்படி என்று சொன்னால், அந்தப் பள்ளியை நம்பத் தொடங்கலாம்.

சமயமும் மொழியும் தனியாகக் கேட்டறிய வேண்டியவை. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு கல்வி நிலையத்தில் ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே அவர்களுக்கு இஸ்லாமியச் சமயக் கல்வி தரப்பட வேண்டும். தேசியப் பாடத்திட்டத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி. ஜொகூரில் முஸ்லிம் பிள்ளைகள் மாநிலத்தின் சமயப் பள்ளிக்கும் தனியாகப் போகிறார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தனியார் பள்ளியின் நேர அட்டவணையை அதோடு பொருத்திப் பார்த்தாக வேண்டும். இந்து, கிறிஸ்துவப் பிள்ளைகளுக்குத் தேவாரமும் வேதாகமமும் வீட்டிலும் கோயிலிலும் தேவாலயத்திலும்தான். ஆனாலும் பள்ளி தன் அன்றாட நடப்பால் ஒரு சமயத்தைப் போலவே எதையோ போற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. காலைக் கூட்டத்தில் யாரைப் பாராட்டுகிறார்கள்? துப்புரவுப் பணியாளரைப் பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்கள்? நெற்றியில் திருநீறோடு வரும் பையனும் சைவ உணவு கொண்டுவரும் சிறுமியும் கூச்சமில்லாமல் சிற்றுண்டிச்சாலையில் உட்கார முடிகிறதா? தமிழுக்கு வந்தால், தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. தனியார் பள்ளியில் அது நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளி கல்வி அமைச்சில் பதிவு பெற்றதா, ஆசிரியர்களுக்குப் பதிவோ கற்பிக்கும் அனுமதியோ உண்டா, அமைச்சின் தர மதிப்பீட்டில் எத்தனை நட்சத்திரம் என்பன அடிப்படை. இவை இல்லாத இடத்தில் மேற்கொண்டு பேசவே தேவையில்லை. இவை இருப்பதாலேயே பேச்சு முடிந்துவிடுவதும் இல்லை.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அரசன் ஆளைத் தேர்வதற்காகச் சொன்னது என்றாலும் பெற்றோருக்கும் அது பொருந்தும். ஆராயாமல் நம்புவதும் கேடு, நம்பிய பின் சந்தேகப்படுவதும் கேடு என்கிறார் வள்ளுவர். சேர்க்கும்வரை கறாராக ஆராய்ந்தவர்கள், சேர்த்த பிறகு ஆசிரியருக்கு வேலை செய்ய இடம் தர வேண்டும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இரவுதோறும் ஆசிரியரை விசாரிக்கும் பழக்கத்தால் நல்லாசிரியர்களே முதலில் மனம் சோர்வார்கள்.

விடியுமுன் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இவ்வளவுக்கும் நேரம் கிடைப்பது கடினம். ஆனாலும் முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரே ஒரு நாள் விடுப்பு எடுங்கள். பள்ளியின் திறந்த நாளுக்கோ கண்காட்சிக்கோ போகாமல், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உங்கள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். வகுப்பின் பின்வரிசையில் அரைமணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள், மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தயங்கும் பள்ளிக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.