பிள்ளையின் நோய்க்கு யார் பணம் கட்டுவது?



போன மாதம் திருமுறை வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிற மாதிரிதான். மூக்கில் குழாயோடு ஒரு கைக்குழந்தை, கீழே வங்கிக் கணக்கு எண், இத்தனை மில்லியன் வெள்ளி வேண்டும் என்று ஒரு வரி. "அண்ணே, இவ்வளவு பணத்தை யாருண்ணே கட்டணும்? பெத்தவங்களா, அரசாங்கமா, இல்ல நாமளா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த இன்னொருவர், "அது அந்தப் பிள்ளையோட கர்மா, நாம என்ன பண்றது?" என்றார்.

முதலில் இரண்டாவது பேச்சை எடுத்துக்கொள்வோம். வினைக் கொள்கை நம் சமயத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டுக்கு வந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். வினையால் வந்தது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டி உட்காராதே, மீளும் வழியைத் தேடு என்பதே அதன் கருத்து. தன் ஒருவருக்காக அவர் பாடவில்லை. எல்லாருக்குமாகச் சேர்த்துப் பாடினார். கர்மா என்ற சொல் என் துன்பத்தை நான் தாங்கிக்கொள்ள உதவலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் துன்பத்திலிருந்து நான் நழுவிப் போவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இன்னொரு கதையும் உங்களுக்குத் தெரியும். கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் நோய். அரசன் வீட்டில் பணத்துக்கா பஞ்சம்? எல்லா வைத்தியமும் பார்த்து ஓய்ந்த பிறகு, பெண்ணைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். சம்பந்தர் வந்தார், என்ன ஏது என்று கேட்டார், பதிகம் பாடினார், நோய் நீங்கியது. எனக்கு இதில் மனதைத் தொடும் இடம் எது தெரியுமா? பிள்ளையின் நோயை அந்தத் தகப்பன் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. பொது இடத்துக்குக் கொண்டுவந்தான். பொதுவில் வைத்த பிறகு, கண்ணில் பட்டவர் எல்லாருக்கும் அதில் ஒரு கடமை வந்துவிடுகிறது.

சரி, பணத்துக்கு வருவோம். எஸ்.எம்.ஏ. என்றொரு நோய். முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்கள் அழிவதால் தசைகள் செயலிழந்துபோகும். கடுமையான வகையில், சிகிச்சை இல்லையென்றால் குழந்தை பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாது, அல்லது மூச்சுக்கருவியை நம்பித்தான் வாழவேண்டும். பெற்றோர் இருவரும் நல்லபடியாகவே இருப்பார்கள். இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரு பழுது தெரியாமல் மறைந்திருக்கும். யார் செய்த தப்பும் இல்லை.

இதற்கு ஒரே ஒரு முறை போடும் மரபணு மருந்து ஒன்றை அமெரிக்காவில் 15 குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 2017ல் முடிவு வெளிவந்தது. 15 பேரும் 20 மாத வயதில், நிரந்தர மூச்சுக்கருவி இல்லாமல் உயிரோடிருந்தார்கள். 2019 மே மாதம் ஸொல்ஜென்ஸ்மா என்ற பெயரில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது. விலை 21 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். நம் பணத்தில் ஒன்பது மில்லியன் வெள்ளிக்குப் பக்கம். 2019 டிசம்பரில் அந்த நிறுவனம், மருந்து இன்னும் அனுமதி பெறாத நாடுகளின் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 100 வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. எப்படித் தேர்ந்தெடுப்பது? குலுக்கல் முறையில்! தன் பிள்ளையின் பெயர் விழுமா என்று காத்திருக்கும் தாயை நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் அந்த மருந்தின் ஆரம்ப ஆய்வில் பொதுப்பணமும் இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி இருந்தது. பிரான்சில் தொலைக்காட்சி வழியே சாதாரண மக்களிடம் திரட்டும் டெலித்தான் நன்கொடையில் நடக்கும் ஆய்வுக்கூடத்தின் பங்கும் இருந்தது. ஊர் கூடி நட்டுத் தண்ணீர் ஊற்றிய மரம் அது. பழத்தை மட்டும் ஒருவர் விலை வைத்து விற்றால் கேள்வி வராதா? கம்பெனிக்குச் செலவும் நட்டமும் உண்டு, நியாயமான லாபமும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விலையைக் குறைக்கும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.

வள்ளுவர் இதற்கு நல்ல வழி காட்டுகிறார். ஈகை ஒரு அதிகாரம். அதற்கு முன்னாலேயே ஒப்புரவறிதல் என்று இன்னொன்று வைத்திருக்கிறார். ஈகை என்றால் வறியவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு என்றால் ஊருக்குச் செய்யவேண்டியதை யாரும் கேட்காமலே செய்வது. அந்த ஒப்புரவு அதிகாரத்தில்தான் மருந்து மரத்தை உவமையாக வைத்தார். வைரலான படத்தைப் பார்த்து ஐம்பது வெள்ளி அனுப்புவது ஈகை. நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் அழகான முகமும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த மாமாவும் உள்ள பிள்ளைக்குப் பணம் சேரும். தோட்டத்து மூலையில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காத பிள்ளைக்கு? அதனால்தான் ஒப்புரவு வேண்டும் என்கிறேன்.

ஆக, யார் கட்டுவது? என் பதில் இதுதான்.

மருந்து இன்னும் சோதனையில் இருந்தால், சோதிப்பவர் கட்டவேண்டும். முறையான மருத்துவ ஆய்வில் சோதனை மருந்துக்குப் பெற்றோரிடம் காசு வாங்குவது வழக்கமில்லை. நெறிமுறைக் குழு அனுமதி இருக்கும், எழுத்தில் சம்மதம் வாங்குவார்கள். நிரூபிக்காத ஒன்றுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் உஷாராகுங்கள். ஆட்டிசத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் ஸ்டெம் செல் என்று சொல்லி விற்பவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது. பெற்றவர்களின் கண்ணீரை முதலாக்கி நடத்தும் வியாபாரம் பாவம்.

பலன் உண்டு என்று தெளிந்த மருந்தானால், பொதுவிலிருந்து கட்டவேண்டும். சிங்கப்பூரில் 2019ல் அரிய நோய்களுக்கென்று ஒரு நிதி தொடங்கினார்கள். பொதுமக்கள் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கும். ஒப்புரவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு வெள்ளிக்குப் பின்னால் எல்லாருடைய வரிப்பணமும் இருக்கிறது. அதனால் பொதுப்பணத்தில் கணக்கும் பார்க்கத்தான் வேண்டும். ஒன்பது மில்லியனில் ஒரு பிள்ளையா, ஒன்பது நூறு பிள்ளைகளா என்று அதிகாரி கேட்டால் அவரைக் கல்நெஞ்சன் என்று திட்டாதீர்கள். கூரை ஒழுகும்போது ஒரே நாள் பூவலங்காரத்தில் கோயில் பணத்தைக் கொட்டினால் நாமே கேள்வி கேட்போமே! விலை பேசுவது, தகுதியை வெளிப்படையாகச் சொல்வது, மறுத்தால் காரணம் சொல்வது, இவையெல்லாம் அரசாங்கத்தின் கடமை.

பெற்றோர்? அவர்கள் தூக்கத்தையும் வேலையையும் கொடுத்தாகிவிட்டது. வீட்டையும் விற்கச் சொல்வது தர்மம் ஆகாது.

"அண்ணே, நாம சின்ன ஆளுங்க" என்று சொல்லாதீர்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். யாருடைய படத்தையும் பார்த்து இரக்கப்பட்டு அவர்கள் கட்டவில்லை. மாதாமாதம் கட்டினால்தான் பொதுவில் ஒன்று நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாமும் தொடங்குவோம். ஒவ்வொரு கிளையும் மாதம் ஆளுக்கு ஐந்து வெள்ளி சேர்த்து, நம்பகமான ஒரு மருத்துவ நிதிக்கு அனுப்பலாம். தைப்பூசத்துக்கு உபயம் செய்கிற குடும்பங்களிடமும் கேட்கலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்து, அரிய நோய்ப் பிள்ளைகளுக்கு என்ன ஒதுக்கீடு என்று மரியாதையாகக் கேட்கலாம். குழுவில் படம் வந்தால், அனுப்பும் முன் நாலு கேள்வி: எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர்? மருந்துக்கு ஒப்புதல் உண்டா? கணக்கு யார் பெயரில்? மிஞ்சும் பணம் எங்கே போகும்?

கடைசியாக ஒன்று. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நாலு பகுதி சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். பணம் சேராமல் போகலாம், மருந்து பலிக்காமலும் போகலாம். நாலாவது ஆளாக நிற்க நமக்குக் காசு தேவையில்லை. அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவாருங்கள், இரவு வார்டில் அம்மாவை இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள்.

எல்லாம் வல்ல வைத்தியநாதப் பெருமான் எல்லாப் பிள்ளைகளையும் காக்கட்டும். திருச்சிற்றம்பலம்.