கண்ணாடித் தொட்டியும் மரத்தாங்கியும்

வீட்டின் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்ப்பது எங்கள் காம்பார் வட்டாரத்தில் புதுமையன்று. புஜாங் மலாக்கா மலையடிவாரத்தில், பழைய ஈயக் குட்டைகள் சூழ்ந்து கிடக்கும் ஊர் இது. 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்த பின்னர், கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிக் கைவிடப்பட்ட குட்டைகள் பலவற்றில் மீனும் வாத்தும் வளர்க்கலாயினர். நீரோடும் மீனோடும் பழகிய மக்கள் அவற்றில் சிறிதளவைத் தம் வீட்டுக்குள்ளும் கொண்டுவர விரும்புவது இயல்பே. சீன அன்பர்களின் இல்லங்களிலும் கடைகளிலும் மிகுதியாகக் காணப்பட்ட இவ்வழக்கம் இன்று நம்மவர் இல்லங்களிலும் பரவியிருக்கிறது.

கடையில் ஆயத்தமாக விற்கும் சிறு தொட்டிகளைப் பற்றி நான் எழுத வரவில்லை. அரோவானா போன்ற பெருமீனுக்கென அளவு சொல்லிச் செய்விக்கும் ஆறடித் தொட்டியையும், அதைச் சுமந்து நிற்கும் மரத்தாங்கியையும் பற்றியே எழுத எண்ணுகிறேன். தொட்டியைப் புகழ்வோர் பலர்; தாங்கியைக் குனிந்து பார்ப்போர் அரியர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள் தொட்டு மாணவர்க்கு ஒழுக்கநெறி போதித்து வரும் எனக்கு, அந்நெறியின் கடினமான வினா ஒன்று இத்தாங்கிக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. பிறர் கண்ணில் ஒருபோதும் படாத பகுதியைச் செய்கின்ற ஒருவன், அதனை எவ்வளவு செம்மையாகச் செய்யக் கடமைப்பட்டவன்? ‘முழுச் செம்மையாக’ என்று விடை கூறிவிடுவது எளிது. அவ்விடை போதுமா என்பதே என் ஐயம்.

முதலில் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய கணக்குத்தான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 680 லிட்டர் நீர் பிடிக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ ஆதலின் நீரே 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி 120 கிலோவுக்குக் குறையாது. மணலும் கல்லும் சேர்த்தால் 850 கிலோவைத் தாண்டும். சிறிய மோட்டார் வண்டி ஒன்றைத் தூக்கி, இடுப்பளவு உயரத்தில், கூடத்தின் மூலையில் நிறுத்தி வைத்தாற்போன்றது இது. அத்துடன் அந்நீர் சும்மா இருப்பதில்லை. ஆறடி நீளமுள்ள முன்கண்ணாடியை மட்டும் அது ஏறத்தாழ 340 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மீன் அசையாமல் உறங்கும் நள்ளிரவிலும் அத்தள்ளல் ஓய்வதில்லை.

இவ்வளவு எடையையும் மரம் தாங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. நார்வாக்கில் நிமிர்த்தி நிறுத்திய குட்டையான கட்டை ஒன்று, நான்கங்குல அகலமும் இரண்டங்குலக் கனமுமே உடையதாயினும், பல டன் எடையைத் தாங்க வல்லது. தாங்கிகள் கெடுவது மரம் நசுங்குவதால் அன்று. எடை மரத்தின் வழியே இறங்காமல் திருகாணியின் வழியே இறங்குவதாலேயே கெடுகின்றன. மேற்சட்டம் காலின் தலைமீது அமர்ந்திருக்க வேண்டும். அவ்வாறன்றி, காலின் பக்கத்தில் சட்டத்தை ஒட்டி வைத்து நான்கு திருகாணிகளை முடுக்கிவிட்டால், வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் முறையில் சுமை மரத்திலிருந்து மரத்திற்கும், மரத்திலிருந்து தரைக்கும் செல்கிறது. இரண்டாவது முறையில் 850 கிலோவும் சுண்டுவிரலினும் மெலிந்த சில இரும்புத் துண்டுகளில் தொங்குகிறது. கழுந்து செதுக்கித் துளையில் பொருத்தும் பழைய தச்சுமுறை ஆணியை நம்பாதது. நம் முன்னோரின் தேர்கள் அவ்வாறுதான் நின்றன.

பக்கவாட்டில் சாயும் ஆட்டம் மற்றோர் இடர். நான்கு கால்களும் வலுவாக இருந்தும், குறுக்குச் சட்டமோ முதுகுப் பலகையோ இல்லாத தாங்கி, சிறுவன் ஒருவன் மோதினாலும் சரிந்துவிடக்கூடும். தளமட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தொட்டியை ஏற்றுவோரும் உளர் என்பதை மட்டும் குறித்துச் செல்கிறேன். கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையே அகப்பட்ட ஒரு மணற்பரல், எடை முழுவதையும் ஒரு புள்ளியில் குவித்துக் கண்ணாடியை வெடிக்கச் செய்யவல்லது. அடியில் மெல்லிய நுரைத்தகடு விரிப்பது அதனாலேதான்.

இத்தனை நுணுக்கங்களும் முடிந்தபின் நடப்பது என்ன? பளபளக்கும் ஒட்டுப்பலகை கொண்டு தாங்கியைச் சுற்றிலும் மூடி, வண்ணம் பூசி, கைப்பிடி வைத்த கதவும் பொருத்திவிடுகிறோம். கழுந்து இருக்கிறதா, திருகாணி இருக்கிறதா என்பதை அதன்பின் உரிமையாளர் அறியார், விருந்தினர் அறியார், செய்தவர் ஒருவரே அறிவார்.

நண்பர் ஒருவரின் இல்லத்தில் இத்தகைய வேலை நடந்தபோது நான் உடனிருந்தேன். வேலை செய்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தச்சர். அறுபது வயதைக் கடந்தவர். “உள்ளே யாருண்ணே பார்க்கப் போறாங்க? பக்கத்துல வச்சு ஸ்குரூ அடிச்சிடுங்க போதும்” என்றார் நண்பர். நேர்மையைப் பற்றி ஓர் உரையை அத்தச்சரிடம் நான் எதிர்பார்த்தேன். அவரோ மரத்தைத் திருப்பி வைத்தபடி, “கழுந்து போட்டா அம்பது வெள்ளி கூட வரும் சார். வேணாம்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க” என்று மட்டும் சொன்னார். நண்பர் சிறிது முணுமுணுத்துவிட்டு இசைந்தார்.

அச்சொல்லை நான் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நேர்மைக்கு விலை உண்டு என்பதை மறைக்காமல், அவ்விலையை அவர் வெளிப்படையாக எடுத்து வைத்தார். நாம் பெரும்பாலும் இதற்கு மாறாக நடக்கிறோம். விலையைக் குறைக்கக் குறைக்கப் பேரம் பேசிவிட்டு, பிறகு தொழிலாளியிடம் நாணயம் இல்லை என்று குறைகூறுகிறோம். மறைவிடத்தில் மலிவைத் திணிப்பவன் மட்டுமா குற்றவாளி? அந்த மலிவைத் தவிர வேறெதற்கும் இடமில்லாதபடி விலை பேசியவனுக்கும் அதில் பங்குண்டு என்பதே என் துணிபு.

பண்டைய பாபிலோனில் ஹமுராபி மன்னனின் சட்டம் இதற்கு வேறு வழி கண்டது. கட்டிய வீடு இடிந்து உரிமையாளன் இறந்தால், கட்டியவனுக்குக் கொலைத் தண்டனை. உரிமையாளனின் மகன் இறந்தால், கட்டியவனின் மகனுக்குக் கொலைத் தண்டனை. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முற்பட்ட இச்சட்டத்தின் கொடுமை ஒருபுறமிருக்க, அதன் அடிப்படையே எனக்கு உடன்பாடன்று. இடிந்த பின்னர்தான் அது பேசுகிறது. இடியாத வீட்டில் செய்த வஞ்சனையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. திருகாணியில் தொங்கும் தாங்கி இருபதாண்டுகள் நல்வினைப்பயனால் நின்றுவிட்டால், செய்தவன் கடமை தவறவில்லை என்று ஆகிவிடுமா?

நம் வள்ளுவரும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் பாரம் ஏற்றிய வண்டியைச் சான்று காட்டியிருப்பதை யாவரும் படித்திருக்கிறோம். ஆனால் அது சுமை ஏற்றுவோனுக்குக் கூறிய அறிவுரை. அச்சைச் செய்தவனின் கடமை பற்றிய வினா எஞ்சி நிற்கிறது.

‘முழுச் செம்மை’ என்னும் விடையில் உள்ள குறை இங்கேதான் வெளிப்படுகிறது. முழுமைக்கு எல்லை எது? மலாய் மொழியில் ‘செங்ஙால்’ எனப்படும் கடுமரத்தில் ஆறங்குலத் தூண்கள் நிறுத்தி, பாலம் கட்டுவதுபோல் ஒருவர் தாங்கி செய்யலாம். அது செம்மையன்று, நூறாண்டுக் காட்டு மரத்தை வீணடித்த அச்சமே ஆகும். ஆகவே போதுமான அளவு என ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வளவைக் காணும் வழியை அமெரிக்க ஆய்வு ஒன்று எனக்குக் காட்டியது. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லைமன் வுட் என்பார் 1951ஆம் ஆண்டில் ஒன்றை விளக்கினார். சில நிமிடச் சோதனையில் மரம் தாங்குகின்ற எடையை அதே மரம் ஆண்டுக்கணக்கில் தாங்குவதில்லை. சுமை இடையறாது பத்தாண்டுகள் இருக்குமானால், தாங்குதிறன் அச்சோதனையில் கண்டதில் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மரம் உடனே முறிவதில்லை. மெல்ல மெல்ல வளைகிறது. பிறகு ஒருநாள் சேர்த்துவைத்து முறிகிறது.

கடையில் நால்வர் ஏறி நின்று குதித்துக் காட்டும் தாங்கி, பத்தாண்டுச் சுமைக்குச் சான்றாகாது என்பது இதனால் விளங்கும். அன்றைக்குத் தாங்குகிறதா என்று பார்ப்பவர் வாங்குபவர். என்றைக்கும் தாங்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியவர் செய்பவர். தாம் அறிந்தவற்றையெல்லாம் வாங்குபவரும் அறிந்திருந்தால் எதைக் கேட்டு வாங்குவாரோ, அதைச் செய்து தருவதே செய்பவரின் கடன் என்று நான் வரையறுப்பேன். அதற்கு மேல் செய்வது அவர் விருப்பம். கீழே செய்வது களவு. அக்களவைக் காண ஒருவரும் இல்லை என்பதால் அதன் பெயர் மாறிவிடாது.

மரத்தைப் பற்றிப் பேசும்போது பால்மரத்தை நினையாதிருக்க எம்மால் இயலாது. தோட்டங்களில் இருபத்தைந்து முப்பதாண்டுகள் பால் வெட்டிய பின்னர் அம்மரத்தை வெட்டிச் சாய்ப்பர். முன்னாளில் அது புகைக்கூடத்து அடுப்புக்கு விறகாகவே பயன்பட்டது. பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் விரைவில் பற்றுமாதலின், தச்சர் அதைத் தீண்டமாட்டார். போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவியபின், 1980களில் அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கடல் கடந்து சென்றது. ஈரம் படாமல் நன்கு வண்ணம் பூசினால் மீன்தொட்டித் தாங்கிக்கும் அது ஆகும். தொட்டியைச் சுற்றி நீர் சிந்தாதிருப்பது அரிது என்பதால், மெராந்தியே மேல் என்பார் எங்கள் ஊர்த் தச்சர்.

கண்ணாடிப் பெட்டிக்கும் பால்மரத்துக்கும் பழைய உறவொன்று உண்டு. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுநாள் வாழ்வதை 1829ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அப்பெட்டியின் உறவினமே மீன்தொட்டி. லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் 1853இல் திறக்கப்பட்டது. 1876இல் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர் கன்றுகள், அதே வார்டு பெட்டிகளில்தான் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது எங்கள் பேராக்கின் குவாலா கங்சாரில் நடப்பட்டன. கன்றுகள் கண்ணாடிக்குள் பாதுகாப்பாக வந்தன. அவற்றைத் தோட்டமாக்க வந்த நம் மக்கள் கப்பலின் மேல்தளத்தில் மழையிலும் வெயிலிலும் வந்தனர்.

அம்மக்களே இந்நாட்டின் தொட்டிக்கு அடியில் நின்ற கால்கள் எனில் மிகையாகாது. சில நிமிடச் சுமையன்று அது. மூன்று தலைமுறைச் சுமை. மேலே பளிங்குபோல் நீரும் மீனும் விளங்க, கீழே பலகை மூடியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், லயங்களை விட்டு வெளியேறியவர்களை எத்தனை பேர் குனிந்து பார்த்தனர்? பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கச் செய்தார். சுமையை ஒரு திருகாணியில் தொங்கவிடாமல் பல்லாயிரம் கால்களில் பகிர்ந்து இறக்கிய நல்ல தச்சுவேலை அது.

மீனின் நிலையையும் மறத்தல் ஆகாது. அரோவானா 1975 முதல் சைட்டஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இடம்பெற்றுக் காக்கப்படும் இனம்; பேராக்கின் புக்கிட் மேரா ஏரி அதன் இயற்கையான உறைவிடங்களுள் ஒன்று. ஆண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்து வாரக்கணக்கில் காக்கும். அவ்வளவு பொறுப்புள்ள உயிரை ஆறடிக் கண்ணாடிக்குள் அடைப்பது முறையா என்று மாணவன் ஒருவன் என்னைக் கேட்டால், முறை என்று துணிந்து சொல்ல எனக்கு நா எழாது. அடைத்துவிட்ட பின்னரோ கடமை இரட்டிக்கிறது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் பெர்லின் நகரத்து விடுதி ஒன்றில், பத்து லட்சம் லிட்டர் நீர் கொண்ட மாபெரும் மீன்தொட்டி வெடித்தது. கூடத்தில் ஆள்நடமாட்டம் இல்லாத நேரமாதலின் மனித உயிர்கள் தப்பின. ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. தாங்கியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவோ, ஐம்பது வெள்ளி கூடுதலாகத் தரவோ அவற்றால் இயலாது.

பெரிய தொட்டியில் ஒரே மூச்சில் நீரை நிரப்புதல் கூடாது. மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, ஓர் இரவு விட்டு, மறுநாள் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த பங்கை விடவேண்டும். நான் கூறிய அத்தச்சர் தம் கூலியை வாங்கிய பின்னரும், மூன்று நாள் மாலையிலும் மிதிவண்டியில் வந்து, கதவைத் திறந்து, கைவிளக்கை உள்ளே நீட்டி, கழுந்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சென்றார். நான்காம் நாள் வரவில்லை. மீனை அன்றுதான் விட்டார்கள்.