காதில் போட்டால் போதுமா?

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரங்களை இறக்கியபோது தடாலென்று ஒரு சத்தம். எரிய வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை. கேப்டனின் கவனமெல்லாம் அதில்தான். தரையிறங்க இன்னும் பதினைந்து நிமிடம் ஆகும் என்றார். அவ்வளவு நேரத்துக்கு எரிபொருள் பற்றாது என்றார் விமானப் பொறியாளர். சொன்னதோடு சரி. பேச்சு மறுபடி சக்கரத்துக்கே போய்விட்டது. என்ஜின் நிற்கத் தொடங்கியபோது கேப்டன் கேட்டது, ‘ஏன்?’ என்றுதான். விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னதாகவே விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர்.

விசாரணை அறிக்கை கேப்டனைத்தான் முதலில் பொறுப்பாக்கியது. கூடவே, நிலைமையின் தீவிரத்தைக் காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் உணரவில்லை, அல்லது உறைக்கும்படி சொல்லவில்லை என்றும் எழுதியது. உறுத்துவது இந்த இரண்டாவது பகுதிதான். சொல்லியும் செத்துப்போனவரை, இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று குறைகூறுவது நியாயமா?

அதில் உண்மை இல்லாமல் இல்லை. தெரிந்த ஆபத்தை ஒருமுறை காதில் போட்டுவிட்டு, ‘நான்தான் அன்றைக்கே சொன்னேனே’ என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நாலு பேருக்கு நகல் போட்டு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் அவர்களுக்குக் கடமை முடிந்தது. அதற்கு எச்சரிக்கை என்று பேர் வைக்க முடியாது, முன்ஜாமீன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனாலும் இரண்டு குற்றங்களும் ஒரே எடை அல்ல. கீழே இருப்பவர் குரலை உயர்த்தினால் சம்பள உயர்வு போகலாம், நல்ல ஷிஃப்ட் போகலாம், ‘எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிற ஆள்’ என்ற பெயர் நிலைக்கலாம். மேலே இருப்பவர் காது கொடுத்தால் போவது கொஞ்சம் கௌரவம். நம்மூர் ஊழியர் ‘சார், ஒரு சின்ன டவுட்’ என்று ஆரம்பித்தால், பெரும்பாலும் அது சின்னதும் இல்லை, டவுட்டும் இல்லை. அதைக் கண்டுகொள்வதற்கும் சேர்த்துத்தான் மேலாளருக்குக் கூடுதல் சம்பளம். ‘என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும், யாரும் வரலாம்’ என்பவர், எழுந்து போகிற சுமையை மட்டும் மற்றவர் தலையில் வைத்துவிடுகிறார்.

விமானத் துறை இதைப் புரிந்துகொண்டது. 1979-இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. இளையவர் துணிந்து சொல்ல வேண்டும், கேப்டன் கேட்டு வாங்க வேண்டும். 1989-இல் ஹைட்ராலிக் இயக்கம் முழுதும் செயலிழந்த யுனைடெட் விமானம் ஒன்றில், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவரைக் காக்பிட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, த்ராட்டிலை அவர் கையில் விட்டார் கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ். சியூ சிட்டியில் மோதி இறங்கிய அந்த விமானத்தில் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பின்னர் சொல்லிவந்தார்.

உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தால் ஒன்று செய்யுங்கள்: கடைசியாக உங்களை மறுத்துப் பேசியவர் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று விசாரியுங்கள்.