காந்தமும் கட்டளையும்

பலர் கூடி ஓர் ஒழுங்கில் நிற்பதைக் காணுங்கால், அவ்வொழுங்கு எங்கிருந்து பிறந்தது என்னும் வினா எழுகின்றது. ஆணையிட்டவனிடமிருந்தா? நின்றவர்களிடமிருந்தா? பெரட்டுக்களத்தைக் கண்டு பழகிய தோட்டத்து மக்களாகிய நாம், ஆணையிடுவோன் இல்லையேல் ஒழுங்கும் இல்லை என்று எளிதில் கூறிவிடுகின்றோம். இக்கூற்று உண்மைதானா என்பதைக் காந்த ஆராய்ச்சியின் துணைகொண்டு ஆராய்வோம்.

1878-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானியாகிய ஆல்பிரெட் மேயர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். காந்தமேற்றிய ஊசிகளைச் சிறு தக்கைகளிற் செருகி, ஒரே துருவம் மேல்நோக்கி நிற்குமாறு நீரில் மிதக்கவிட்டார். ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று தள்ளுமாதலால் அவை விலகிச் சென்றன. பின்னர், ஒரு பெரிய காந்தத்தின் எதிர்த்துருவத்தை நீருக்கு மேலே பிடித்தார். உடனே ஊசிகள் நடுவை நோக்கி நகர்ந்து ஒழுங்கான உருவங்களாயின. மூன்று ஊசிகள் முக்கோணமாயின, நான்கு, சதுரமாயின. ஐந்து ஊசிகளோ ஒருகால் ஐங்கோணமாகவும், மற்றொருகால் நடுவில் ஒன்றும் சுற்றிலும் நான்குமாகவும் நின்றன.

இம்முக்கோணத்தை வகுத்தது யாது? மேலேயிருந்த காந்தம் அன்று. அஃது எல்லா ஊசிகளையும் நடுவுக்கே இழுத்தது. இழுப்பு மட்டும் இருந்திருப்பின் ஊசிகள் ஒரே குவியலாகியிருக்கும். தள்ளுதல் மட்டும் இருந்திருப்பின் கலத்தின் விளிம்புக்குச் சிதறியிருக்கும். பொது விசைக்கு இணங்கியும், தத்தம் இடத்தை விட்டுக்கொடாமலும் நின்றமையாலேயே உருவம் பிறந்தது. ஆகவே, ஒழுங்கிற் பாதி நின்றவர்களுடையது என்பது தெளிவு.

ஆயினும் இவ்வளவில் மனநிறைவு கொள்ளல் ஆகாது. 2018-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார், சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ரப்பர்ப் பட்டை ஒன்றைப் பற்றி எழுதினர். அதனுள் காந்தத் துகள்கள் கலந்திருந்தன. வெளியிலுள்ள காந்தப்புலத்தை மாற்ற மாற்ற, அப்பட்டை நடந்தது, உருண்டது, தாவியது, நீந்தியது. கயிறுமில்லை, கம்பியுமில்லை. பார்ப்போருக்கு உயிருள்ள புழுவே தன் விருப்பப்படி செல்வதாகத் தோன்றும். உண்மை யாதெனில், பட்டையின் எப்பகுதி எத்திசைக்குத் திரும்பவேண்டும் என்பதை, அதனைச் செய்தவர்களே முன்னதாக அதனுள் பதித்திருந்தனர். மேயரின் ஊசிகளிலும் தள்ளும் ஆற்றலைக் காந்தமேற்றிய கையே இட்டது அன்றோ?

இங்கேதான் நம்மை உறுத்தும் வினா பிறக்கின்றது. வெளியிலிருந்து வரும் கட்டளையை நாம் எளிதில் அறிகின்றோம். வேண்டுமாயின் வெறுக்கவும் செய்கின்றோம். ஆனால், குழந்தைப் பருவம் முதல் நம்முள் பதிக்கப்பட்ட திசையை "நம் இயல்பு" என்றே கருதிவிடுகின்றோம். இன்னாரைக் கண்டால் எழுந்து நிற்பதும், இன்னாரைக் கண்டால் ஒதுங்கி நிற்பதும் எவர் பதித்தவை? பழக்கம் என்கின்றோம், பதித்த கையை நாம் கண்டதில்லை.

ஊசிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, நம்மை எவ்விசையும் இழுப்பதில்லை என்பதன்று. "நாம் ஏன் இத்திசையில் திரும்புகின்றோம்?" என்று ஊசி கேளாது, நாம் கேட்கலாம். கேட்டு, நன்றெனக் கண்டபின் இணங்குவது அறம். தீதெனக் கண்டபின் மறுப்பதும் அறமே. கேளாமலே இணங்குவது வெறும் காந்தத்தின் தொழில்.

மேயரின் காந்தத்தை மேலே எடுத்துவிட்டால் முக்கோணம் கலைந்துவிடும். நடத்துவோன் விலகியபின்னும் கலையாத ஒழுங்கு, கேட்டறிந்து இணங்கிய மக்களிடத்தே மட்டும் நிலைக்கும்.