விதைத்தவர் பெயர்



ஆப்பிளை உண்டபின் அதன் விதையை வீட்டில் ஊன்றி வளர்த்தால் அதே பழம் கிடைக்குமா என்று என் பேரன் அண்மையில் கேட்டான். கிடைப்பது அரிது என்பதே விடை. ஆனால் அவ்விடையைத் தேடிப் படித்தபோது வேறொரு வினா என் மனத்தில் எழுந்தது. ஒரு செயலால் ஊரார் நன்மை பெற, செய்தவரின் பெயர் மட்டும் மறைந்துபோகுமானால் அங்கே இழப்பு யாருக்கு?

முதலில் விதையைப் பற்றிச் சில சொற்கள். ஆப்பிள் மரம் பொதுவாகத் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. வேறு வகை மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொணர்ந்து சேர்க்க வேண்டும். ஆகவே ஒரே பழத்தின் விதைகளும் தம்முள் வேறுபட்டிருக்கும். அவை இரண்டு மூன்று மாதங்கள் ஈரத்திலும் குளிரிலும் கிடந்த பின்னரே நன்கு முளைக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலமே அப்பணியைச் செய்துவிடுகிறது. முளைத்த கன்று காய்க்கப் பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அவ்வாறு காய்ப்பவற்றுள்ளும் சிறந்தவை மிகச் சில. அத்தகைய மரம் ஒன்று வாய்த்தால், அதன் குச்சியை வேறு கன்றில் ஒட்டிப் பெருக்குவர். ஒட்டுமாங்கன்றை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1809ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் இளம்பெண் ஆப்பிள் விதைகளை ஒரு தொட்டியில் ஊன்றினார். முளைத்த கன்று தோட்டத்தில் நடப்பட்டது. அவர் மணமாகி அவ்வீட்டை விட்டுச் சென்றார், 1852இல் மறைந்தார். இதற்கிடையே 1846இல் அவ்வீட்டை மேத்யூ பிராம்லி என்பவர் விலைக்கு வாங்கினார். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்னும் நாற்றுப்பண்ணை இளைஞர் அம்மரத்தின் பழத்தைக் கண்டு வியந்து, ஒட்டுக் கட்டக் குச்சிகள் வேண்டினார். பழத்திற்குத் தம் பெயரையே சூட்ட வேண்டும் என்னும் நிபந்தனையுடன் பிராம்லி இசைந்தார். சமையலுக்கு உகந்த புளிப்பு ஆப்பிளாக இங்கிலாந்து முழுவதும் பரவிய அப்பழத்திற்கு 'பிராம்லி சீட்லிங்' என்று பெயர். பிராம்லியின் விதைக்கன்று என்பது அதன் பொருள். அவரோ அவ்விதையை ஊன்றியவர் அல்லர்!

அம்மையாருக்கு இதில் இழப்பு உண்டா? புகழ் வேண்டி அவர் விதைக்கவில்லை. பழத்தின் குணமும் அவர் திட்டமிட்டதன்று. தேனீ கொணர்ந்த மகரந்தத்திற்கும் மண்ணிற்கும் மழைக்கும் அதில் பங்குண்டு. அவருடையது விதைத்த செயல் ஒன்றே. ஒருவர் செய்த வினையின் பயன் அவ்வுயிரையே சாரும். பிறர் அதனைப் பறிக்கவோ பங்கிடவோ இயலாது என்பது நம் அறநெறி. ஆகவே பெயர் மாறியதால் அவருடைய நல்வினை குறைந்துவிடவில்லை.

அப்படியாயின் பெயரை மறைப்பது குற்றமாகாதா? இங்கேதான் நாம் எளிதில் வழுக்கி விழுகிறோம். வாங்கிய மரத்திற்குப் பெயர் சூட்டப் பிராம்லிக்கு உரிமை இருந்தது. ஆயினும் உரிமை வேறு, வாய்மை வேறு. பயன் கருதாமை செய்தவர் தாமே மேற்கொள்ளும் நோன்பு. "அவர்தாம் எதையும் எதிர்பார்க்கவில்லையே, அவருக்குப் பெயர் எதற்கு?" என்று பயன் பெற்றவர் கூறுவது அறமாகாது. செய்தவர் மறக்கலாம், பெற்றவர் மறக்கலாகாது.

இதனை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய நாளில், எண் கற்பிக்கும் முறை பற்றி ஒரு கையேடு எழுதினேன். அச்சாகி வந்தபோது முகப்பில் வேறொருவர் பெயர் இருந்தது. அவ்வருத்தத்தை நெடுங்காலம் நெஞ்சில் சுமந்தேன். பிரெயில்ஸ்ஃபோர்டு அம்மையாரின் கதையைப் படித்த அன்று, 'நானும் அவரைப் போன்றவளே' என்று முதலில் ஆறுதல் கொண்டேன்.

அன்றிரவே வேறொன்று நினைவுக்கு வந்தது. அக்கையேட்டில் யாவரும் பாராட்டிய பகுதி, புளியங்கொட்டைகளைக் கொண்டு கடன் வாங்கிக் கழிக்கக் கற்பிக்கும் விளையாட்டு. அதனை நான் கண்டுபிடிக்கவில்லை. சிற்றூரிலிருந்து பயில வந்த மாணவ ஆசிரியை ஒருத்தி, பயிற்சி வகுப்பில் செய்து காட்டியது அது. என் கைப்பிரதியில் அவள் பெயர் எங்கும் இல்லை. எழுத வேண்டும் என்னும் எண்ணமே அன்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நேர்ந்ததைப் பல்லாண்டுகள் எண்ணி வருந்திய நான், அவளுக்கு நான் செய்ததை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. கள்ளாமை பொருளுக்கு மட்டும் உரிய விரதம் என்று கருதியிருந்தேன் போலும்.

சவுத்வெல் மரம் 1900இல் புயலில் சாய்ந்தது. சாய்ந்த மரத்திலிருந்தே மீண்டும் தளிர்த்தது. இன்று அப்பழத்தின் வரலாற்றைக் கூறுவோர் பிரெயில்ஸ்ஃபோர்டு அம்மையாரின் பெயரையும் கூறுகின்றனர். காலம் கடந்தேனும் கடன் தீர்க்க இயலும் என்பதற்கு இது சான்று. அம்மாணவியின் முகவரியைப் பழைய தோழியரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நம் இல்லங்களிலும் ஒரு சமையல் முறையோ கைவேலையோ கணக்கோ யாரோ ஒருவர் கற்பித்ததாகவே இருக்கும். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.