தண்ணீருக்குத் தெரியுமா?



போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்று தடுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வாளேந்தியவனுக்குத் தன் எதிரே நிற்பவர் யாரென்று தெரியும். தண்ணீருக்குத் தெரியுமா?

1943 மே 16-ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கப் பிரிட்டிஷ் விமானங்கள் புறப்பட்டன. ஆயுதத் தொழிற்சாலைகளை முடக்குவதே நோக்கம். ஹிட்லரின் அநியாயத்தை எதிர்த்த போர்தான், மறுக்கவில்லை. நள்ளிரவு கடந்ததும் மோனே அணை உடைந்தது.

கீழே நேஹைம் என்னும் ஊரில் ஒரு முகாம். சோவியத் நாட்டிலிருந்து ஜெர்மானியர் பிடித்து வந்து, அடிமை வேலை வாங்கிய பெண்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். வேலிக்குள் உறங்கியவர்கள் எங்கே ஓடுவார்கள்? நூற்றுக்கணக்கில் மூழ்கிப் போனார்கள். யா அல்லாஹ்! எதிரியின் மீது ஏவிய வெள்ளம் எதிரியின் கைதிகளையல்லவா வாரிக்கொண்டு போயிற்று! அன்றிரவு வெள்ளத்தில் மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படிக் கொண்டுவரப்பட்ட அந்நியர்களே.

அணையை ஜெர்மானியர் அதே ஆண்டில் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

பொதுமக்களுக்குப் பெருஞ்சேதம் விளையுமானால், இராணுவ இலக்கே ஆனாலும் அணையைத் தாக்கலாகாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் துணை உடன்படிக்கையில் எழுதிச் சேர்த்தது 1977-இல்தான். அதுவும் சில விலக்குகளோடு. அந்தப் பெண்கள் மூழ்கி அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.